பட்டியலில் இல்லாத குழந்தைகள்

போலியோ சொட்டு மருந்து முகாமுக்குத் தன்னார்வலராக வருகிறவர்கள் அநேகமாகக் குழந்தையின் வாயில் மருந்து விடும் வேலையைத்தான் மனதில் வைத்துக்கொண்டு வருவார்கள். அந்த வேலைக்கு ஆள் உண்டு. நர்ஸம்மா இருப்பார், அங்கன்வாடி டீச்சர் இருப்பார், நர்சிங் படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். மையத்துக்கு வந்து சேர்ந்துவிட்ட குழந்தைக்கு எப்படியும் மருந்து கிடைத்துவிடும். எந்தக் குழந்தை வரவில்லை, அது எந்த வீட்டில் இருக்கிறது, ஏன் வரவில்லை என்பதெல்லாம் வெளியிலிருந்து வரும் பணியாளருக்குத் தெரியாது. தெருவில் குடியிருக்கிற நமக்குத்தான் தெரியும். தெரியாவிட்டாலும் நம்மால் விசாரித்துவிட முடியும். திருப்பூரில் பல வருடங்களாக இந்த முகாம்களில் நின்றிருக்கிறேன். தன்னார்வலரின் முதல் வேலை இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

என்னை இதற்குள் கொண்டுவந்தவர் எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சர். வீட்டில் மெஷின் போட்டு கம்பெனி பீஸ் தைத்துக்கொண்டிருந்ததால் சுற்றியுள்ள காம்பவுண்டுகளில் இருக்கும் பெண்கள் பாதிப்பேரை எனக்குத் தெரியும். "உங்களுக்குத்தான் எல்லாத்தையும் தெரியுமேங்க, ஒரு நாள் வந்து உக்காருங்க" என்றார். வேறு தகுதி எதுவும் அவர் கேட்கவில்லை. நீங்கள் மளிகைக் கடை வைத்திருந்தாலும், ஆட்டோ ஓட்டினாலும், டியூஷன் எடுத்தாலும் இந்தத் தகுதி உங்களுக்கும் இருக்கும்.

வாசலில் நின்றதும் வருகிற முதல் கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருக்க வேண்டும். "போலியோதான் ஒழிஞ்சு போச்சேங்க, இன்னும் எதுக்கு?" நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் 2004க்குப் பிறகு போலியோ வரவில்லை. இந்தியாவின் கடைசிப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தைக்குப் பதிவானது. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசியப் பகுதி முழுவதும் போலியோ இல்லாதது என்று சான்று கிடைத்தது. ஆனால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அந்தக் கிருமி இன்னும் ஒழியவில்லை. அது தொற்றியவர்களில் ஏறக்குறைய இருநூறு பேரில் ஒருவருக்குத்தான் கை கால் விழும். மற்றவர்கள் ஒன்றும் ஆகாமலே மலத்தின் வழியாக அதைப் பரப்பிக்கொண்டிருப்பார்கள். யாருக்கு வந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தடுக்க வழியில்லை. அதனால்தான் ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நாளில் கொடுத்து, கிருமிக்கு இடமே இல்லாமல் செய்கிறார்கள். நாடு முழுவதும் 1995இல் இது தொடங்குவதற்கு முன்பே வேலூரில் மருத்துவர் ஜேக்கப் ஜான் போன்றவர்கள் இந்த முறையைச் செய்து காட்டியிருந்தார்கள்.

வாசலில் இவ்வளவும் சொல்ல முடியாது. நான் சொல்வது இவ்வளவுதான்: "நம்ம ஊர்ல இல்லைங்க. பக்கத்து நாட்டுல இருக்கு. வந்தா யாருகிட்ட இருக்குன்னே தெரியாது. அதுக்குத்தான் எல்லாக் குழந்தைக்கும் ஒரே நாள்ல." பெரும்பாலானவர்கள் இதற்குமேல் கேட்பதில்லை. "போன வருசம் போட்டாச்சு", "ஆஸ்பத்திரியில எல்லா ஊசியும் போட்டுட்டோம்" என்பவர்களுக்கு, முகாமில் கொடுப்பது வழக்கமான தடுப்பூசிக்கு மேலே கூடுதலாகக் கொடுப்பது, எத்தனை முறை போட்டிருந்தாலும் போடலாம் என்று சொன்னால் போதும். சளி, லேசான காய்ச்சல் இருந்தாலும் கொடுக்கலாம். தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை. இந்த இரண்டும் தெரியாததால் வீட்டிலேயே இருந்துவிடும் தாய்மார்கள் நிறையப் பேர்.

மையத்து மேசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காலை ஏழு மணிக்குத் தொடங்கும். அதற்கு முன்பே ஐஸ் பெட்டி வந்துவிடும். உள்ளே நான்கு பக்கமும் ஐஸ் பேக், நடுவில் மருந்து பாட்டில்கள். பெட்டியை நிழலில் வைக்க வேண்டும், தேவைக்கு மட்டும் திறக்க வேண்டும், வெளியே ஒரு சமயத்தில் ஒரு பாட்டில்தான் இருக்க வேண்டும். போலியோ சொட்டு மருந்து சூடு தாங்காது. ஒவ்வொரு பாட்டிலின் மேலும் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் அச்சடித்திருக்கும். சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தைவிடச் சதுரம் வெளுப்பாக இருக்கும்வரை மருந்து நல்லது. இரண்டும் ஒரே நிறமாகிவிட்டாலோ, சதுரம் இன்னும் கறுத்துவிட்டாலோ அந்த பாட்டிலைத் தொடக்கூடாது.

இதைத் தன்னார்வலர் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. "கரன்ட் போயிட்டுப் போயிட்டு வருது, மருந்து நல்லாத்தான் இருக்குமா?" என்று சந்தேகப்படுகிறவர்களிடம் வாயால் உறுதி கொடுப்பதைவிட பாட்டிலையே காட்டலாம். பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்கும் அந்தச் சதுரம் புரியும். ஒருமுறை காட்டினால் அவரே பக்கத்தில் நிற்பவர்களுக்கு விளக்குவார்.

மேசைமேல் மருந்தும் மார்க்கர் பேனாவும் கணக்குத் தாளும் தவிர எதையும் வைக்க விடாதீர்கள். 2021 ஜனவரி 31 அன்று மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் 12 குழந்தைகளுக்குச் சொட்டு மருந்துக்குப் பதிலாக சானிட்டைசரைக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து கை கழுவும் பாட்டில் எங்கள் மேசையில் கிடையாது, தள்ளி ஜன்னலோரம்தான். மருந்து இரண்டு சொட்டு. சொட்டும் முனை குழந்தையின் உதட்டிலோ நாக்கிலோ படக்கூடாது. துப்பிவிட்டால் மறுபடி கொடுக்கலாம். இடது கை சுண்டு விரலில் வைக்கும் மை, மருந்து விட்ட பிறகுதான் வைக்க வேண்டும். கூட்டம் நெரியும்போது வரிசையில் நிற்கும் குழந்தைகளுக்கு முன்கூட்டியே மை வைத்துவிடலாமே என்று தோன்றும். கூடவே கூடாது. மை வைத்த குழந்தை அழுதுகொண்டு வெளியே ஓடிவிட்டால், அதன்பிறகு எந்தக் குழுவும் அதற்கு மருந்து கொடுக்காது.

இனி வராத குழந்தைகள்.

திருப்பூரில் லைன் வீடுகள் அதிகம். ஒரு காம்பவுண்டுக்குள் எதிரெதிராகப் பத்து இருபது வீடுகள், நடுவில் ஒரு குழாய். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வந்த குடும்பங்களும் இருக்கும், ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்தவர்களும் இருப்பார்கள். கணவன் மனைவி இருவரும் கம்பெனிக்குப் போவார்கள். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டு, எட்டரைக்குத்தான் வீடு. ஞாயிறு ஒருநாள்தான் லீவு. துணி துவைப்பது, ரேஷன், மார்க்கெட் எல்லாம் அன்றைக்குத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை மாநகராட்சித் தண்ணீர் விடும் முறையும் வந்துவிட்டால், வீட்டை விட்டு யாரும் அசைய மாட்டார்கள். மையம் இரண்டு தெரு தள்ளி இருந்தாலும் வர மாட்டார்கள். அக்கறை இல்லாமல் இல்லை, குடத்தை வைத்துவிட்டு வர முடியாது.

எனவே முகாம் தேதி தெரிந்ததும் தண்ணீர் திறந்து விடுகிறவரிடம் அன்றைக்கு எந்த வீதிக்குத் தண்ணீர் என்று கேட்டு வைத்துக்கொள்வேன். அந்தக் காம்பவுண்டுகளின் பெயரை டீச்சரிடம் சொல்லிவிட்டால், மதியம் மையத்தில் கூட்டம் குறைந்ததும் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு ஆட்கள் நேராகக் குழாயடிக்கே போவார்கள். ஒரு மணி நேரத்தில் முழுக் காம்பவுண்டும் முடிந்துவிடும்.

முகாமுக்கு மறுநாள் திங்கட்கிழமை, விடுபட்ட குழந்தைகளைத் தேடி வீடு வீடாகப் போகும்போது பாதி வீடு பூட்டியிருக்கும். குழுவினர் பகலில் வந்து மாலைக்குள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர்கள், இரவு ஒன்பது மணிக்கு அவர்களால் வர முடியாது. அதனால் அந்த அம்மாவை இரவு நாம் பார்த்துப் பேச வேண்டும். "நாளைக்குக் காலைல ஏழரைக்கு பாப்பாவோட இருங்க, கம்பெனிக்குக் கிளம்பறதுக்குள்ள வந்துருவாங்க" என்று நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். குழந்தை பகலில் யாரிடம் இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துக் காம்பவுண்டில் ஒரு பாட்டி நான்கைந்து குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்வார். அந்த ஒரு வீட்டைத் தெரிந்துகொண்டால் பூட்டிய வீடுகள் நான்கைந்து ஒரே சமயத்தில் தீர்ந்துவிடும். இதுபோன்ற பாட்டிகளின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

எனக்கு அதிகம் கவலை தருவது கைக்குழந்தைகள்தான். எங்கள் பக்கம் முதல் பிரசவத்துக்குப் பெண் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். குழந்தை பிறந்து மூன்று மாதம், ஐந்து மாதம் வரை அம்மிச்சி வீட்டில்தான் இருக்கும். கணவன் ஊர்ப் பட்டியலில் பெயர் இருக்கும், குழந்தை அங்கே இருக்காது. இங்கே குழந்தை இருக்கும், பட்டியலில் பெயர் இருக்காது. இரண்டு ஊர் நர்ஸம்மாவும் அடுத்த ஊரில் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அதோடு முப்பது நாள் ஆகாத குழந்தையை வாசப்படி தாண்டி எடுத்துப்போக மாட்டார்கள். அதனால் வாசலில் நின்று "குழந்தை இருக்குதுங்களா?" என்று கேட்டால் "இல்லீங்க" என்றுதான் பதில் வரும். அது பொய்யும் இல்லை. மருந்துக்குத் தூக்கி வரக்கூடிய குழந்தை இல்லை என்று அர்த்தம், அவ்வளவுதான்.

கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். "இந்த வீதியில கடைசியா யாரு வீட்டுல குழந்தை பொறந்துச்சுங்க?" என்று கேளுங்கள். யாராவது ஒருவர் நல்ல செய்தியைச் சொல்லும் சந்தோஷத்தோடு வீட்டையே காட்டிவிடுவார். அப்புறம், "விருந்தாடி யாராவது குழந்தையோட வந்திருக்காங்களா?", "தூங்கற குழந்தை இருக்குங்களா?" இந்த மூன்று கேள்விகளிலும் கிடைக்கிற குழந்தைகளை வெறுமனே "இருக்குதா" என்ற கேள்வியில் பிடிக்கவே முடியாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்தப் பெண்ணிடம் பேசுவதைவிட அவளுடைய அம்மாவிடமோ அப்பத்தாவிடமோ பேசுவதுதான் பலன் தரும். "குழந்தைய வெளிய எடுக்க வேண்டாங்க, நாங்களே உள்ள வந்து போடறோம், கை கால் கழுவிட்டு வர்றோம்" என்று சொன்னால் மறுக்கிறவர்கள் அபூர்வம். பிறந்த குழந்தைக்கும் இந்தச் சொட்டு மருந்து கொடுக்கலாம் என்பதே பல வீடுகளில் புதுச் செய்தியாக இருக்கிறது.

வட மாநிலக் குடும்பங்களைப் பற்றி இங்கே ஒரு தப்பான எண்ணம் உண்டு. "அவங்களுக்கெல்லாம் விவரம் பத்தாது, போட மாட்டாங்க" என்பார்கள். நான் கண்டது நேர் எதிர். போலியோவை ஒழிக்க இந்தியாவில் கடைசிவரை போராட வேண்டியிருந்தது பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும்தான். அங்கே வருடத்துக்குப் பல முறை, சில வருடங்களில் கிட்டத்தட்ட மாதம் ஒருமுறை, வீடு வீடாக வந்து கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு இருபத்தைந்து வயதில் இருக்கும் பீகார்ப் பெண் தன் குழந்தைப் பருவம் முழுக்கச் சுண்டு விரலில் மையோடு வளர்ந்தவள். ஐஸ் பெட்டியைப் பார்த்ததுமே "போலியோ?" என்று கேட்டு, "தோ பூந்த்" (இந்தியில் இரண்டு சொட்டு) என்று இரண்டு விரலைக் காட்டிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள். விளக்கமே தேவைப்படாது. அவர்களுக்கு விஷயம் போய்ச் சேராததுதான் பிரச்சினை. முகாம் தேதியை ஆட்டோவில் மைக் வைத்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போவார்கள். நோட்டீஸும் தமிழில் இருக்கும். நான் காண்ட்ராக்டர்களிடமும், அவர்கள் சாமான் வாங்கும் மளிகைக் கடைக்காரரிடமும் முந்தைய நாளே சொல்லி வைக்கிறேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் கடைக்கு வருவார்கள், அங்கே செய்தி போய்விடும். காம்பவுண்டில் தமிழும் இந்தியும் தெரிந்த பெண் ஒருத்தி கண்டிப்பாக இருப்பாள். அவளைக் கூட அழைத்துக்கொண்டு போனால் அன்றைய வேலை பாதியாகக் குறையும்.

ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் தனிக் குழுக்கள் நிற்கும். தன்பாத்–ஆலப்புழை எக்ஸ்பிரஸ் போன்ற வண்டிகளில் இரண்டு நாள் பயணம் செய்து இறங்குகிறவர்கள் களைத்துப் போயிருப்பார்கள், கையில் மூட்டை இருக்கும். அவர்களைப் பிளாட்பாரத்தில் நிறுத்தாதீர்கள். வெளியே வந்து ஆட்டோவுக்கோ சொந்தக்காரருக்கோ காத்திருக்கும் இடத்தில் போய்க் குழந்தையின் விரலைப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவர்கள் நிதானமாகப் பேசுவார்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாட்ச்மேனைத் தாண்டுவது சிரமம். முகாமுக்கு ஒரு வாரம் முன்பே செயலாளரிடம் பேசி, லிஃப்ட் பக்கத்தில் ஒரு மேசை போட அனுமதி வாங்கிவிடுங்கள். மற்றதை அவர்களுடைய வாட்ஸ்அப் குழு பார்த்துக்கொள்ளும்.

மறுக்கிறவர்கள் என்று தனியாகச் சொல்லும் அளவுக்குச் சொட்டு மருந்தில் நான் பலரைப் பார்த்ததில்லை. மறுப்பை நெருங்கிப் பார்த்தது 2017இல். அந்த வருடம் பிப்ரவரி 6 அன்று தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வரை எல்லாருக்கும், பெரும்பாலும் பள்ளிக்கூடங்களில். தொடங்குவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் ஆடியோக்கள் சுற்ற ஆரம்பித்துவிட்டன. இந்த ஊசியால் பிள்ளைகளுக்கு ஆபத்து, போட விடாதீர்கள் என்று யாரோ ஒரு குரல். பல பெற்றோர் அந்த வாரம் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. முதலில் பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

அப்போது எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் பெற்றோரோடு பேசும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். பேசப் பேச ஒன்று புரிந்தது. எல்லாரும் ஒரே ஆடியோவைக் கேட்டிருந்தாலும் ஒவ்வொருவர் பயமும் வேறு. ஒரு தாத்தா, "2008ல திருவள்ளூர்ல ஊசி போட்டு நாலு குழந்தை செத்துப் போச்சு, டிவியில பார்த்தேன்" என்றார். அது உண்மை. தட்டம்மைத் தடுப்பூசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் இறந்தன. கூட இருந்த ஒருவர் அவசரமாக "அதெல்லாம் வதந்திங்க" என்று சொல்லப் போனார், நர்ஸம்மா தடுத்துவிட்டார். "ஆமாங்கய்யா, நடந்துச்சு. அதுக்கப்புறம்தான் டாக்டர் இருக்கற எடத்துலதான் ஊசின்னு கொண்டு வந்தாங்க" என்று சொல்லி, அவரை உள்ளே அழைத்துப் போனார். தூளாக இருக்கும் மருந்தில் அதற்கென்றே வரும் நீரைக் கலப்பதையும், கலந்த நேரத்தை பாட்டில் மேல் எழுதுவதையும், நான்கு மணி நேரத்துக்கு மேல் அந்த பாட்டில் மிச்சம் இருந்தாலும் கொட்டிவிட வேண்டும் என்பதையும், ஒரு முறைக்குமேல் பயன்படாத ஊசியையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். பெரியவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பேத்தியைக் கூட்டி வந்தார். நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அவர் அந்தப் பள்ளிப் பக்கமே வந்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

இன்னொரு அம்மா எதற்கும் பதிலே சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். ரூபெல்லா கர்ப்பிணிக்கு வந்தால் பிறக்கும் குழந்தைக்குக் காது கேளாமல் போகலாம், கண்ணில் புரை, இதயத்தில் கோளாறு வரலாம் என்றெல்லாம் சொன்னோம். அது எதுவும் அவரிடம் எடுபடவில்லை. எல்லாரும் போன பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "என்னங்க அம்மணி, முன்னாடி ஏதாச்சும் ஆச்சா?" என்று கேட்டேன். மூத்த பையனுக்குக் கைக்குழந்தையில் ஊசி போட்ட அன்று இரவு காய்ச்சல் வந்து வலிப்பு வந்திருக்கிறது. கணவர் நைட் ஷிப்ட். வண்டி கிடைக்கவில்லை. நடுராத்திரியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடியிருக்கிறார். யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மறுநாளும் யாரும் வந்து கேட்கவில்லை. அந்தப் பையன் இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் அந்த இரவு அவருக்குள் அப்படியே இருக்கிறது.

அவருக்கு அறிவியல் விளக்கம் தேவைப்படவில்லை. மறுபடி அப்படி ஆனால் யார் வருவார்கள் என்பதுதான் கேள்வி. நர்ஸம்மாவிடம் சொன்னேன். அவர் மருத்துவரிடம் அழைத்துப் போய், பெரியவனுக்கு நடந்ததைச் சொல்ல வைத்தார். காய்ச்சலுக்கு என்ன மருந்து, எவ்வளவு, எப்போது கொடுப்பது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். நர்ஸம்மா தன் நம்பரைக் கொடுத்து, "எத்தனை மணியானாலும் கூப்பிடு கண்ணு" என்றார். 108க்கு எப்படிச் சொல்வது, எங்கள் வீதிக்கு அடையாளம் எது என்று நானும் சொல்லிக்கொடுத்தேன். இளைய பெண்ணுக்கு ஊசி போட்டார்கள். மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் அந்த வீட்டில் எட்டிப் பார்த்தேன். அதன்பிறகு அந்தக் காம்பவுண்டில் யாராவது பயந்தால் அவரே பேசிவிடுகிறார்.

எந்தத் தடுப்பூசிக்கும் "ஒண்ணும் ஆகாதுங்க" என்று நான் சொல்வதே இல்லை. ஊசி போட்ட இடம் வலிக்கலாம், வீங்கலாம், ராத்திரி காய்ச்சல் வரலாம், தட்டம்மை ஊசிக்கு ஒரு வாரம் கழித்துக்கூட லேசான காய்ச்சலும் தடிப்பும் வரலாம், பெரும்பாலும் தானே சரியாகிவிடும், சரியாகாவிட்டால் இந்த நம்பர். இப்படிச் சொல்லி வைத்தால் காய்ச்சல் வரும்போது "அவங்க சொன்ன மாதிரிதான்" என்று நிதானமாக இருப்பார்கள். ஒன்றும் ஆகாது என்று கேட்டுவிட்டுப் போனவர், அன்றைக்குக் குழந்தையின் உடம்பு சுட்டால் அடுத்த ஊசிக்கு வர மாட்டார். நமக்கு மட்டுமல்ல, அந்த வீதிக்கே அந்த நம்பிக்கை போய்விடும்.

பள்ளியில் ஊசி போடும் முகாமுக்கு உதவப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்களா என்று காலையிலேயே கேட்டு, சாப்பிடாதவர்களுக்கு ஏதாவது கொடுங்கள். காத்திருக்கும் வரிசையிலிருந்து ஊசி போடுவது தெரியாதபடி இடத்தைப் பிரித்துவிடுங்கள். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பெண்பிள்ளைகளில் ஒருத்தி பயத்தில் மயங்கி விழுந்தால், பார்த்துக்கொண்டிருக்கும் நான்கைந்து பேரும் விழுவார்கள். மருந்தால் வந்ததல்ல, பயத்தால் வந்தது. ஆனால் வாசலில் நிற்கும் பெற்றோருக்கு அது வேறு செய்தியாகப் போய்ச் சேரும். ஊசி போட்ட பிறகு அரைமணி நேரம் உட்கார வைக்கும் அறையில் ஒரு தன்னார்வலர் எப்போதும் இருக்க வேண்டும்.

மீண்டும் சொட்டு மருந்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2024 மார்ச் முகாமில் 43 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்களில் சுமார் 57 லட்சம் குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கத் திட்டமிட்டிருந்தார்கள். இவ்வளவு பெரிய கணக்கில், நம் மையத்தில் நூறு சதவீதம் தாண்டியது என்று கேட்கும்போது எல்லாரும் மகிழ்ச்சியாகிவிடுவார்கள். எனக்கு அப்போதுதான் சந்தேகம் வரும். நூற்றைத் தாண்டுகிறது என்றால் நாம் எழுதி வைத்திருந்த பட்டியலில் இல்லாத குழந்தைகள் வந்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படியானால் பட்டியலில் இல்லாமல், வராமலும் இருக்கிற குழந்தைகளும் இருப்பார்கள். அந்த எண்ணிக்கை எந்தத் தாளிலும் வராது. புது லைன் வீடு கட்டியிருக்கிறார்களா, கட்டிட வேலை நடக்கும் இடத்தில் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்களா என்று அன்றைக்கு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது நல்லது.

வீடு வீடாகப் போகும் குழுக்கள் வாசலில் சாக்பீஸால் குறி போடுவார்கள். எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தாகிவிட்டால் பி, யாராவது விடுபட்டிருந்தால் எக்ஸ். எக்ஸ் போட்ட வீட்டுக்கு மறுபடி போக வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரில் எழுதினால் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார், ஈபி பெட்டியிலோ கேட்டிலோ எழுதுங்கள். எக்ஸ் வீடுகளைத் தனியாக ஒரு நோட்டில் காரணத்தோடு எழுதிக்கொள்வது என் வழக்கம். பூட்டியிருந்தது, ஊருக்குப் போயிருக்கிறார்கள், அப்பா வேண்டாம் என்றார் என்று. அடுத்த முகாமுக்கு அந்த நோட்டுத்தான் எனக்கு வழிகாட்டி.

வீட்டுக்குள் போகும்போது தாய் சேய் அட்டையை வாங்கிப் பார்த்துவிடுங்கள். சொட்டு மருந்துக்குக் கூப்பிட்டால் எல்லாரும் வருவார்கள். ஆனால் ஒன்பதாம் மாத ஊசியோ ஒன்றரை வயது ஊசியோ விடுபட்டுப் போயிருப்பது அட்டையைப் பார்த்தால்தான் தெரியும். குறிப்பாக ஊர் மாறி வந்த குடும்பங்களில். பெயரையும் வீட்டையும் எழுதி நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டு, புதன்கிழமைத் தடுப்பூசி நாளில் அந்த அம்மாவுக்கு ஒரு போன் செய்யுங்கள். எங்கே போக வேண்டும் என்று தெரியாமல்தான் பலர் விட்டிருக்கிறார்கள். ஒருமுறை கூடப் போய்க் காட்டிவிட்டால் அடுத்த முறை தாங்களே போய்விடுவார்கள். அட்டை தொலைந்துவிட்டது என்று பயந்து போகாமல் இருப்பவர்களிடம், அட்டை இல்லாவிட்டாலும் திட்ட மாட்டார்கள், ஊசி போடுவார்கள் என்று சொல்லி அனுப்புங்கள்.

சேர விரும்புகிறவர்கள் உங்கள் வீதி அங்கன்வாடியிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயர் கொடுத்தால் போதும். முகாமுக்கு முன்பு ஒரு சின்னப் பயிற்சி வைப்பார்கள், அதற்குக் கண்டிப்பாகப் போங்கள். இந்தியோ ஒடியாவோ பெங்காலியோ தெரிந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். லைன் வீடுகளுக்கும் ரயில் நிலையத்துக்கும் அனுப்ப அப்படிப்பட்டவர்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.